பம்பைக் கழற்றியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்கா, டர்பன் நகரத்து மெர்பேங்க் தோட்டத்தை நடத்திவரும் பசுமை அரசின்மை வட்டத்தினருக்கு,

போன மாதம் ஒரு ஞாயிறு ராத்திரி நம் தோட்டத்துப் போர்ஹோல் (ஆழ்துளைக் கிணறு) பம்பைக் கழற்றினீர்கள். சோலார் பலகையை இறக்கி, பேட்டரியோடும் இன்வெர்ட்டரோடும் எங்கோ கொண்டுபோய் வைத்தீர்கள். கொட்டகைக் கதவில் ஒரு தாளை ஒட்டினீர்கள். திங்கட்கிழமை காலையில் கீரைக்குத் தண்ணீர் விட வந்தவர்கள் அந்தத் தாளைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்துகொண்டோம்.

தாளில் மூன்று முடிவுகள். தோட்டத்தில் இனி மின்கருவி எதுவும் கிடையாது. தோட்டக் கமிட்டி கலைக்கப்பட்டது, அவரவர் இஷ்டப்படி வரலாம், போகலாம். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் புகையைப் பற்றிக் குறிப்பேடு எழுதுவதும் நகராட்சிக்கு மனு போடுவதும் இன்றோடு நின்றது, ஏனென்றால் அளப்பதும் கெஞ்சுவதும் நாகரிகம் நமக்குப் பழக்கிய அடிமைத்தனம். இவ்வளவும் ஆங்கிலத்தில். கீழே மட்டும் பெரிய எழுத்தில், தமிழில்: நாமார்க்கும் குடியல்லோம்.

அந்த எழுத்தை உங்களில் இரண்டு பேருக்குச் சனிக்கிழமை வகுப்பில் கைபிடித்து எழுதப் பழக்கியவள் நான். ‘ழ’வைக் கண்டால் ஓடின பிள்ளைகள். அதனால் தமிழிலேயே பதில் எழுதுகிறேன். வாசிக்கத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் வாசித்துக் காட்டுங்கள். (அனார்க்கிஸ்ட் என்பதை அராஜகவாதிகள் என்று எழுதாமல் அரசின்மை என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. அராஜகம் என்றால் நம் ஆட்களுக்கு ரவுடித்தனம். உங்களை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.)

முதலில் அந்த வரியையே எடுத்துக்கொள்கிறேன். பல்லவ மன்னன் ஆள் அனுப்பி அழைத்தபோது, வர முடியாது போ என்று அப்பர் பாடியது. உங்கள் கட்சிக்கு இதைவிடப் பொருத்தமான வரி கிடைக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வகுப்பில் நான் சொன்ன இலக்கணத்தை மறந்துவிட்டீர்கள். அது ‘நான்’ இல்லை, ‘நாம்’. ‘அல்லேன்’ இல்லை, ‘அல்லோம்’. அப்புறம், அப்பர் கையில் என்ன இருக்கும்? கோயிலில் சிலையைப் பார்த்திருப்பீர்களே. உழவாரம். புல் செதுக்குகிற கருவி. ராஜாவை வேண்டாம் என்றவர் அதைத் தோளைவிட்டு இறக்கவில்லை.

சரி, தோட்டத்துக்கு வருகிறேன். பாத்தி வைத்திருப்பவர்கள் பதினான்கு பேர், அதில் ஒன்பது பேர் அறுபதைத் தாண்டியவர்கள். பம்பு போன பிறகு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளாவது வந்து பார்த்தீர்களா? ஹால் பின்புறக் குழாயிலிருந்து வருகிறது. முழங்கால் ஆபரேஷன் ஆன ஒரு அக்கா, இருபது லிட்டர் பெயின்ட் பக்கெட்டில் பாதி பிடித்து, நாலு இடத்தில் இறக்கி வைத்து, மிளகாய்ச் செடிக்குக் கொண்டுவருகிறார். போன வாரம் அவர் சேப்பங்கிழங்குப் பாத்தியை விட்டுவிட்டார். ஜூலுக்காரர்கள் அமடும்பே என்பார்களே, அதற்குத் தண்ணீர் நிறைய வேண்டும், தன்னால் ஆகாது என்றார். அவரவர் இஷ்டப்படி வரலாம், போகலாம் என்று எழுதினீர்கள். அவர் போய்விட்டார். அது அவர் இஷ்டமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

அந்தப் பாத்தியில் மிச்சமிருந்த கிழங்கை நான்தான் தோண்டினேன். மேலே நீங்கள் மூடாக்குப் போட்ட அட்டையும் கிழித்த தாளும் கிடந்தன. மண்ணோடு ஒட்டியிருந்த ஒரு தாளைத் தட்டிப் பார்த்தால் என் கையெழுத்து. ‘தெற்குக் காற்று. அதிகாலை 2.40. அழுகின முட்டை நாற்றம். மூன்று வீட்டில் பிள்ளைகளுக்கு இருமல்.’ தேதி இருந்த மூலையை மண்புழு தின்றுவிட்டது. ஏழு குறிப்பேடுகளில் மூன்றை இப்படிப் பாத்திக்குப் போட்டிருக்கிறீர்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பதினோரு வருஷம், ராத்திரி எழுந்து ஜன்னலைத் திறந்து மோந்து பார்த்து எழுதினது. சொல்லாமல் செய்தீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

நான் முப்பத்தொரு வருஷம் கிளினிக்கில் சிஸ்டராக இருந்தவள். மெர்பேங்கில் மூச்சு எப்படி வாங்கும் என்று எனக்குத் தெரியும். 2000களின் தொடக்கத்தில் இங்கே ஒரு தொடக்கப் பள்ளியில் பல்கலைக்கழகத்தார் ஆய்வு செய்தபோது ஏறத்தாழ பாதிப் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா என்று வந்தது. அந்தக் கணக்கு இல்லாவிட்டால் எங்களை என்ன சொல்லியிருப்பார்கள்? உங்கள் வீட்டு மசாலாப் புகை, ஊதுபத்திப் புகை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2000 வாக்கில் பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள் ஒரு பையை மாட்டிக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பக் கற்றுக்கொண்டோம். பெயின்ட் பக்கெட் மாதிரிதான் இருக்கும். அந்தப் பக்கெட்டும், எங்கள் குறிப்பேடும், தெருவில் நின்றதும் சேர்ந்துதான் தெற்கு டர்பனுக்கென்று அரசாங்கம் தனித் திட்டம் போட்டது, காற்றில் கந்தக டையாக்ஸைடு அளவு இறங்கியது, 2004ல் காற்றுத் தரச் சட்டம் வந்தது. நச்சுக் கழிவுக் கிடங்கை மூட வைத்ததற்காக 2014ல் டெஸ்மண்ட் டி’சாவுக்கு கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கொடுத்தார்களே, அவரும் மனு எழுதி, கூட்டம் போட்டு, கெஞ்சாமல் கேட்டவர்தான். கேட்பது வேறு, கெஞ்சுவது வேறு. இந்த வித்தியாசம் தமிழில் பேசுகிற உங்களுக்குமா தெரியாது?

அளப்பது அடிமைத்தனம் என்ற வாதம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நீங்கள் கொட்டகையில் வைத்திருந்த பிரதிகளை நானும் படித்தேன். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்து ஜான் ஜெர்சன் 1980களிலிருந்து எழுதிவருகிறார். காலம், எண், மொழி, கலை, வேளாண்மை என்று ஒவ்வொன்றாக எடுத்து, மனிதன் தன்னையே வீட்டு விலங்காக்கிக்கொண்ட படிகள் இவை என்கிறார். சிரித்து ஒதுக்கிவிட எனக்கு முடியவில்லை. என் பாட்டியின் அம்மா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவள். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்ட 1,52,184 பேரில் ஒருத்தி. அவளுக்கு ஒரு எண் கொடுத்தார்கள். எஸ்டேட்டில் மணி அடித்தால் எழ வேண்டும், மணி அடித்தால் நிற்க வேண்டும். எண்ணும் மணியும் மனிதரை என்ன செய்யும் என்று ஜெர்சன் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் கேளுங்கள். அந்த எண்ணை வைத்துத்தான் நான் ஆவணக் காப்பகத்தில் கப்பல் பட்டியலைத் தேடினேன். பெயர், அப்பா பெயர், வயது, வட ஆற்காடு ஜில்லா, கிராமம், இடது முழங்காலில் தழும்பு. குடும்பத்தில் யாரும் சொல்லியிராத தழும்பு. அவளைக் கட்டிப்போட்ட எண்தான் அவளை எனக்குத் திருப்பிக் கொடுத்தது. அந்தக் காகிதத்தையும் பாத்திக்குப் போட்டுவிடலாம் என்று சொல்வீர்களோ என்னவோ.

உங்கள் தாளில் இன்னொரு வரி: ‘பத்தாயிரம் வருஷத்துக்கு முன்பு எல்லோரும் வாழ்ந்தார்கள், கலஹாரியில் இன்றைக்கும் வாழ்கிறார்கள், பம்பு இல்லாமல்.’ இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

வேட்டையாடிச் சேகரித்து உண்பவர்களுக்கு ஓய்வு அதிகம் என்ற சித்திரம் பெரும்பாலும் நம் பக்கத்து நாட்டிலிருந்து போனது. 1960களில் ரிச்சர்ட் லீ என்ற ஆய்வாளர் போட்ஸ்வானாவின் டோபே பகுதியில் குங் மக்களோடு தங்கி, வாரத்துக்கு இரண்டரை நாள் உழைத்தால் அவர்களுக்குச் சாப்பாடு கிடைத்துவிடுகிறது என்று கணக்கெடுத்தார். அதை வைத்து மானிடவியலாளர் மார்ஷல் சாலின்ஸ், ஆதிச் சமூகமே செல்வச் சமூகம் என்றார். நாகரிக எதிர்ப்பாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கும் ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் நேரம் பார்த்து எழுதியதுதான், கவனியுங்கள். அதே லீ பின்னால் கருவி செய்வது, சமைப்பது, விறகு, தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்தபோது வாரம் நாற்பது மணி நேரத்தைத் தாண்டியது. இதை உங்கள் பிரதிகளில் நான் பார்க்கவில்லை. சமையலும் தண்ணீரும் முதல் கணக்கில் விட்டுப்போனது எனக்கு ஆச்சரியமே இல்லை. எந்த வீட்டில் அதை வேலையென்று எண்ணினார்கள்?

அது கிடக்கட்டும். மத்திய கலஹாரியில் மோதொமேலோ என்று ஓர் இடம். 2002ல் போட்ஸ்வானா அரசு, கலஹாரியின் ஆதிக்குடிகளான சான் மக்களை அங்கிருந்து வெளியேற்றியபோது முதல் வேலையாக என்ன செய்தது தெரியுமா? அவர்கள் குடித்துவந்த போர்ஹோலின் பம்பைக் கழற்றியது. தண்ணீர்த் தொட்டியையும் அகற்றியது. அவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006ல் நிலத்துக்குத் திரும்பும் உரிமை கிடைத்தது, தண்ணீர் கிடைக்கவில்லை. திரும்பவும் போனார்கள். 2010ல் தோற்றார்கள். மேல்முறையீடு செய்தார்கள். 2011 ஜனவரியில், அந்தப் போர்ஹோலைத் திறக்கவும் புதியது தோண்டவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பு வந்தது. யாரை முன்மாதிரி என்று நீங்கள் தாளில் எழுதினீர்களோ, அவர்கள் பம்புக்காக ஒன்பது வருஷம் காத்துக் கிடந்தார்கள். நம் எல்லைக்குள் கோமானி சான் மக்களும் நில உரிமைக் கோரிக்கை போட்டுத்தான் 1999ல் ஏறத்தாழ 40,000 ஹெக்டேரைத் திரும்பப் பெற்றார்கள். யார் எங்கே பிறந்தார்கள், எந்தக் குன்றுக்கு என்ன பெயர் என்று முதியவர்கள் சொல்லச் சொல்ல எழுதிய காகிதம் அதற்குச் சாட்சி. அவர்களை நாகரிகத்துக்கு விலைபோனவர்கள் என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா?

பம்பைக் கழற்றுகிற வேலையை அங்கே செய்தது அரசு. இங்கே செய்தது அரசே வேண்டாம் என்கிற நீங்கள்.

அடுத்து, தனிமனிதன். கமிட்டி என்றாலே அதிகாரம், தனியாள் மட்டுமே நிஜம் என்கிறீர்கள். உங்கள் இயக்கத்துக்குள்ளேயே இது பழைய சண்டை. 1995ல் மர்ரே புக்சின், சமூக அரசின்மைக்கும் வாழ்க்கைப் பாணி அரசின்மைக்கும் நடுவே தாண்ட முடியாத பள்ளம் என்று ஒரு சிறு நூல் எழுதி, தனிமனிதவாதிகளையும் ஆதிவாழ்வுக்காரர்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி வெளியே வீசினார். 1997ல் பாப் பிளாக் அதற்கு ஒரு புத்தக நீளத்துக்குப் பதில் வசை எழுதினார். இரண்டையும் படித்தபோது எனக்கு எங்கள் கோயில் டிரஸ்டிக் கூட்டம்தான் ஞாபகம் வந்தது. புக்சின் பக்கம் நான் சாயவில்லை. கூட்டத்துக்குள் ஆளைக் கரைத்துவிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கமிட்டி என்ற பெயரில் இரண்டு ஆண்கள் பேச, பத்துப் பெண்கள் டீ போட்ட கதையும் என்னிடம் உண்டு. நம் கமிட்டியும் அப்படிச் சில மாதம் இருந்தது, மறைக்கவில்லை.

ஆனால் நீங்கள் மூலவராக வைத்திருக்கிற ஜெர்மன் தத்துவவாதி மாக்ஸ் ஸ்டிர்னரே 1844ல் தன்னலக்காரர்கள் சேர்ந்து ஒரு கூட்டு வைக்கலாம் என்றுதான் எழுதினார். அவரவருக்குப் பயன்படும்வரை சேர்ந்திருப்பது, பயன்படாதபோது விலகுவது. (அவரே பெர்லினில் பால் வியாபாரம் தொடங்கி நொடித்துப்போனார். மாட்டிலிருந்து வாடிக்கைக்காரர் வரைக்கும் பத்துப் பேர் சேராமல் பால் விற்க முடியாது என்று அன்றைக்குத் தெரிந்திருக்கும்.) விலகுங்கள் பிள்ளைகளே, யார் தடுத்தது? விலகுகிறவர் தன் பாத்தியை விட்டுவிட்டுப் போவார். போகிற போக்கில் எல்லோருடைய பம்பையும் கழற்றிக்கொண்டு போனால் அது பதினான்கு பேருக்காக மூன்று பேர் எடுத்த முடிவு. அதற்கு அரசியலில் வேறு பெயர்.

தொழில்நுட்பத்தை எதிர்த்துக் குண்டு வைத்த அமெரிக்கர் காசின்ஸ்கியின் படத்தைக் கொட்டகைச் சுவரில் ஒட்டியது யார் என்று கேட்கவில்லை, நானே கிழித்துவிட்டேன். அவர் தபாலில் அனுப்பியும் நேரில் வைத்தும் வெடித்த குண்டுகளில் மூன்று பேர் செத்து, இருபத்து மூன்று பேர் காயப்பட்டார்கள். தீப்புண்ணுக்குக் கட்டுப்போட்ட கை என்னுடையது. அந்த விஷயத்தில் விவாதத்துக்கு வரமாட்டேன்.

இந்த மண்ணிலேயே நாகரிகத்தை மறுத்தவர்களின் கதை இருக்கிறது. உங்களை ஒரு தடவை காந்தி தொடங்கிய ஃபீனிக்ஸ் குடியிருப்புக்கு அழைத்துப் போனேனே. 1904ல் அவருடைய பத்திரிகை அச்சகம் அங்கே மாறின முதல் ராத்திரி எண்ணெய் எஞ்சின் ஓடவில்லை. கையால் சுற்றுகிற சக்கரம் ஒன்று தயாராக இருந்தது. ஒரு நேரத்துக்கு நாலு பேர் சுற்ற வேண்டும், மாற்றி மாற்றி. கட்டட வேலைக்கு வந்து தூங்கிக்கொண்டிருந்த தச்சர்களை எழுப்பி, கேட்டு, அவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான் சுற்றினார்கள். பின்னால் ஒரு கட்டத்தில் எஞ்சினே வேண்டாம் என்று வைத்துவிட்டு, கைவேலையாகவே அச்சடித்தார்கள். இயந்திரத்தைத் திட்டி காந்தி எழுதிய ஹிந்த் ஸ்வராஜ் 1909ல் அச்சு இயந்திரத்தில்தான் வந்தது. இது முரண் இல்லையா என்ற கேள்வியை அவரே அதற்குள் எழுப்பி, விஷத்தை விஷத்தால் முறிப்பது என்று பதில் சொல்லியிருக்கிறார். நான் உங்களுக்குக் காட்ட நினைத்தது அந்தச் சக்கரத்தை. எஞ்சின் நின்றால் ஆள் கூடுதலாக வேண்டும், முறை வைத்து வேண்டும், ஒருவரை ஒருவர் எழுப்புகிற உரிமை வேண்டும். நீங்கள் பம்பையும் நிறுத்தி, கமிட்டியையும் கலைத்தீர்கள். பம்பு இல்லாத தோட்டம் நடத்தலாம், நான் எதிரி இல்லை. கை ஏற்றம் போடுங்கள், காலால் மிதிக்கிற பம்பு போடுங்கள், முறைப் பட்டியல் எழுதி முதல் பெயராக உங்கள் பெயரை எழுதுங்கள். அதைச் செய்து முடித்த பிறகு மின்பம்பைக் கழற்றலாமா என்று கேட்டிருந்தால் நானே ஸ்பேனர் பிடித்திருப்பேன்.

எல்லாம் இடிந்து விழப்போகிறது, முட்டுக்கொடுப்பானேன் என்று உங்களில் ஒருவர் என்னிடம் நேரிலேயே சொன்னார். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குவாசுலு நேட்டாலில் நானூறு பேருக்கு மேல் செத்தார்கள். டொங்காட்டில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் உடைந்து மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. என் தம்பி வீடு அங்கே. ஜோஜோ டேங்க் (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) வாங்க முடிந்தவர்கள் வாங்கினார்கள், முடியாதவர்கள் தண்ணீர் லாரி எப்போது வரும் என்று ரோட்டில் நின்றார்கள். நாகரிகம் உடைந்தபோது எங்களுக்குக் காடு திரும்பக் கிடைக்கவில்லை. வரிசைதான் கிடைத்தது.

கடைசியாக அந்த சோலார் பலகை. 2023ல் லோட்ஷெடிங் (முறை வைத்து மின்வெட்டு) ஆறாம் நிலையில் இருந்த ஒரு ராத்திரி, என் பேரனுக்கு மூச்சு இழுத்தது. நெபுலைசருக்குக் கரன்ட் இல்லை. தோட்டக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, அங்கே இன்வெர்ட்டரில் மாட்டினேன். மண்வெட்டிகளுக்கு நடுவே, உரச் சாக்கின் மேல் உட்கார வைத்து. அதன் பிறகு பம்ப் மருந்துக்கு (இன்ஹேலர்) மாறிவிட்டோம். அரை லிட்டர் கூல்டிரிங்க் பாட்டிலின் அடியில் சூடான கம்பியால் ஓட்டை போட்டு, அதில் மருந்துக் குப்பியைச் செருகி, பிள்ளையை வாய்ப்பக்கம் மூச்சிழுக்க வைப்பது. கடையில் விற்கிற கருவிக்கு இது சளைத்ததில்லை என்று கேப்டவுனில் ஹெதர் ஜாரும் சகாக்களும் சோதித்து 1999ல் வெளியிட்டார்கள். கிளினிக்கில் நூற்றுக்கணக்கில் செய்து கொடுத்திருக்கிறேன். பாட்டில் குப்பைத்தொட்டியில் கிடைக்கும். மருந்துக் குப்பி தொழிற்சாலையிலிருந்துதான் வரும். இதில் எந்தப் பாதியை நீங்கள் நாகரிகம் என்று தூக்கிப்போடச் சொல்கிறீர்கள்? உங்கள் பிரதிகளில் வருகிற தனிமனிதனுக்கு ஒரு பக்கத்திலும் மூச்சு வாங்கவில்லை. காய்ச்சல் வரவில்லை. முழங்கால் வலிக்கவில்லை. அவன் இருபத்தைந்து வயது ஆம்பிளை என்று எழுதாமலே தெரிகிறது.

நான் கேட்பது இவை. மிச்சமுள்ள நாலு குறிப்பேடுகளையும் ஒரு தாள் குறையாமல் என் வீட்டில் கொண்டுவந்து கொடுங்கள். ஆலை ஒன்று 2020 வெடிவிபத்துக்குப் பிறகு நின்றுவிட்டாலும் எண்ணெய்த் தொட்டிகள் நிற்கின்றன, நாற்றமும் நிற்கிறது. எட்டாவது குறிப்பேட்டை நான் ஏற்கெனவே தொடங்கிவிட்டேன். பாத்திக்குப் போன மூன்றில் இருந்தவை உங்களில் யாருக்காவது ஞாபகம் இருந்தால், போனில் படம் எடுத்து வைத்திருந்தால், அதையும் தாருங்கள். பம்பு, பலகை, பேட்டரி, இன்வெர்ட்டர் நாலும் கொட்டகைக்குத் திரும்ப வேண்டும். பதினான்கு பாத்திக்காரர்களும் இருக்கிற கூட்டத்தில், பகல் நேரத்தில், தமிழும் ஆங்கிலமும் ஜூலுவும் பேசுகிறவர்களுக்குப் புரியும்படி உங்கள் முடிவை நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டும். பேச்சு முடிந்த பிறகு பெரும்பான்மை மின்கருவி வேண்டாம் என்றால் நான் கட்டுப்படுகிறேன், எழுதியே தருகிறேன். முழங்கால் ஆபரேஷன் ஆன அக்காவிடம் போய், அவர் பாத்திக்கு ஒரு மாதம் தண்ணீர் சுமக்கிறோம் என்று சொல்லுங்கள், சுமக்கவும் செய்யுங்கள். கதவில் ஒட்டிய தாளில் மேலே உள்ளதைக் கிழித்துவிடலாம். கீழே உள்ள தமிழ் வரி இருக்கட்டும், எழுத்து நன்றாக வந்திருக்கிறது.

வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எலக்ட்ரீஷியன் வருகிறார். சாவி உங்களிடம்தான் இருக்கிறது.

ஓய்வுபெற்ற கிளினிக் சிஸ்டர்,
ஆறாம் பாத்தி, மெர்பேங்க்